மாமனாரின் பூர்விகம் லாக் ப்ரூம்: கோட்டைகளைச் சுற்றிப் பார்ப்பதா, அந்த ஒரே இடத்தில் தங்குவதா?

கேள்வி
பதிவிட்டவர்: ஹாலிஃபாக்ஸ் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வசிக்கிறேன். என் கணவர் குடும்பத்தார் மெக்கன்சி என்னும் குடிப்பெயர் கொண்டவர்கள். 1773ஆம் ஆண்டு ஹெக்டர் என்ற கப்பலில் ஸ்காட்லாந்தின் லாக் ப்ரூம் கடற்கழியிலிருந்து புறப்பட்டு, இங்குள்ள பிக்டோ துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். வீட்டை எரித்து, ஆடு மேய்ப்பதற்காக மக்களை விரட்டிய காலத்தில் தப்பி வந்தவர்கள் என்பது என் மாமனார் சொல்லும் கதை. அவருக்கு இப்போது 74 வயது. ஸ்காட்லாந்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வரும் மே மாதப் பிற்பகுதியில் மாமனார், கணவர், நான் ஆகிய மூவரும் பத்து நாள்கள் அங்கே செல்லவிருக்கிறோம். எடின்பரோவில் இரண்டு நாள், ஸ்டர்லிங் கோட்டை, கிளென்கோ பள்ளத்தாக்கு, ஸ்கை தீவில் இரண்டு நாள், லாக் நெஸ், இன்வர்னஸ், கலோடன் போர்க்களம், கடைசியில் லாக் ப்ரூம் கரையிலுள்ள அல்லாபூல் நகரில் ஒரு பிற்பகல் என்று நானே ஒரு திட்டம் வகுத்தேன். மாமனார் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை திட்டத்தை வாசித்துக் காட்டும்போதும் "லாக் ப்ரூமில் எத்தனை மணி நேரம் இருப்போம்?" என்று மட்டும் கேட்கிறார். அந்தக் கேள்வியே எனக்கு உறுத்தலாகிவிட்டது.

நான் அறிய விரும்புபவை இவை. முன்னோர் வாழ்ந்த சிற்றூர் எதுவென்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு கண்டுபிடிக்க வழி உண்டா? மெக்கன்சி குலத்தின் கோட்டை ஒன்று இருப்பதாகப் படித்தேன். அதைப் பார்த்தால் பூர்விக வீட்டைப் பார்த்ததாக ஆகுமா? திட்டத்தில் எதை நீக்கலாம்? முழங்கால் வலி காரணமாக மாமனாரால் சமதளத்தில் ஒரு மைல் அளவுக்குத்தான் நடக்க முடியும் என்பதையும், நான் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவள் என்பதையும் கருத்தில் கொண்டு வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி 1
பதிவிட்டவர்: வடகரையான்

வணக்கம் அம்மா. நான் இன்வர்னஸில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். அல்லாபூல் சாலையில் எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. உங்கள் மாமனாரின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. அதை ஏன் அவ்வாறு நினைக்கிறேன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

முதலில் கோட்டையைப் பற்றி. குலத்தலைவரின் பெயரைத் தாங்கியவர் அனைவரும் அவருடைய இரத்த உறவினர் அல்லர். தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள், பாதுகாப்புக்காக அவரை அண்டியவர்கள் எனப் பலரும் அந்தப் பெயரை ஏற்றார்கள். மெக்கன்சி என்பதற்கு, ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழியான கேலிக்கில் 'கின்னெக்கின் மகன்' என்று பொருள். ஆங்கிலத்தில் அந்தக் கின்னெக்தான் கென்னத் ஆகிறார். ஒரே கடற்கழியின் கரையில் நூற்றுக்கணக்கான மெக்கன்சிகள் வாழ்ந்ததால், தந்தை பெயர், பாட்டன் பெயர், தலைமுடியின் நிறம், தொழில் ஆகியவற்றைச் சேர்த்துத்தான் ஒருவரை ஒருவர் அடையாளம் சொன்னார்கள். குலத்தலைவரின் இருப்பிடமான லியோட் கோட்டை ஸ்ட்ராத்பெஃபர் என்னும் சிற்றூருக்கு அருகில், அல்லாபூல் செல்லும் வழியிலேயே இருக்கிறது. இன்றும் குடும்பத்தார் வாழும் வீடு என்பதால் ஆண்டில் குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள்; நாள் பொருந்தினால் அவசியம் பாருங்கள். ஆனால் உங்கள் மாமனாரின் முன்னோர் அந்த வாசலுக்கு வந்திருந்தால், அநேகமாகக் குத்தகை கட்டுவதற்குத்தான் வந்திருப்பார்கள்.

அடுத்து, கப்பல் கதை. ஹெக்டர் 1773 ஜூலையில் லாக் ப்ரூமிலிருந்து ஏறத்தாழ 190 பேருடன் புறப்பட்டு, செப்டம்பர் 15 அன்று பிக்டோவை அடைந்தது. வழியில் பெரியம்மையாலும் வயிற்றுக்கடுப்பாலும் குழந்தைகள் பலர் இறந்து கடலில் விடப்பட்டார்கள். நோவா ஸ்கோஷியாவில் ஹெக்டரில் வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் எல்லாவற்றையும் உண்மையிலேயே ஏற்றியிருந்தால் அந்தக் கப்பல் துறையிலேயே மூழ்கியிருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இன்று காட்டப்படும் பயணிகள் பட்டியல் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதப்பட்டது என்பதால், அதில் பெயர் இருப்பதும் இல்லாததும் முடிவான சான்று ஆகாது. உங்கள் குடும்பக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. பட்டியலை மட்டும் நம்பிப் பயணத்தை வகுக்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்றையும் மாமனாரிடம் மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கும். ஆட்டுப் பண்ணைகளுக்காக ஊர்களைக் காலிசெய்த பெரிய வெளியேற்றங்கள் பெரும்பாலும் ஹெக்டர் போன பிறகு நடந்தவை. லாக் ப்ரூம் அடங்கிய ராஸ் பகுதி மக்கள் 'ஆடுகளின் ஆண்டு' என்று நினைவு வைத்திருப்பது 1792ஐ. அருகிலுள்ள சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் கூரைகள் கொளுத்தப்பட்டது 1814இலும் 1819இலும். 1773இல் புறப்பட்டவர்களைத் தள்ளியவை உயர்ந்துகொண்டே போன குத்தகையும், 1770களின் தொடக்கத்தில் அடுத்தடுத்துப் பொய்த்த விளைச்சலும், கடலுக்கு அப்பால் நிலம் கிடைக்கும் என்று முகவர்கள் கொடுத்த வாக்குறுதியும் ஆகும். பிக்டோவில் இறங்கியபோது வாக்களித்த வயலுக்குப் பதிலாகக் கடற்கரை வரை நெருங்கி நின்ற காட்டைத்தான் அவர்கள் கண்டார்கள். எரிக்கப்பட்ட வீட்டைத் தேடிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். குத்தகைக் கணக்கைத் தேடிப் போனால் பெயரே கிடைக்கலாம்.

எப்படி என்று சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவற்றை அரசு பதிவுசெய்யத் தொடங்கியது 1855 ஜனவரி 1 முதல்தான். அதற்கு முந்தையவை திருச்சபை வட்டங்களின் ஏடுகள். அவை ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் என்னும் அரசு இணையதளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன. எடின்பரோவில் உள்ள பொதுப் பதிவு இல்லத்திலும் பார்க்கலாம். ஆனால் மேற்குக் கரையின் பல வட்டங்களில் 18ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முந்தைய ஏடுகள் இல்லை. ஆகவே 1773க்கு முன் பிறந்தவரைத் திருமுழுக்கு ஏட்டில் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை.

இங்கேதான் லாக் ப்ரூமுக்கு ஒரு தற்செயலான நற்பேறு வாய்த்திருக்கிறது. லாக் ப்ரூமுக்கு வடக்கே உள்ள கோய்காக் பகுதி, மெக்கன்சி குலத்தின் ஒரு கிளைத் தலைவரான குரோமார்ட்டி பிரபுவுக்குச் சொந்தமாக இருந்தது. அவர் 1745இல், அரியணை இழந்த ஸ்டூவர்ட் குடும்பத்துக்காக அதை மீட்கப் போரிட்ட இளவரசர் சார்ல்ஸ் எட்வர்டின் பக்கம் சேர்ந்து கிளர்ச்சி செய்து தோற்றதால் அரசு அந்த நிலத்தைப் பறிமுதல் செய்தது. 1784இல்தான் குடும்பத்துக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் அரசு அதிகாரிகள், அரசு அதிகாரிகளுக்கே உரிய முறையில், ஊர் ஊராகச் சென்று குடியிருந்தவர் யார், குத்தகை எவ்வளவு, மாடு எத்தனை என்று எழுதி வைத்தார்கள். அந்தக் கணக்குகள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தோற்ற பிரபுவின் குடிகளாக இருந்ததால்தான் அந்த எளிய மனிதர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறின. உங்கள் குடும்பத்தில் ஆண் பெயர்கள் எந்த வரிசையில் திரும்பத் திரும்ப வருகின்றன என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயரும் சூட்டுவது அங்கே பரவலான வழக்கம் என்பதால், அந்த வரிசை ஒரு சுவடாக உதவும். பெண்களைத் தேடும்போது பிறந்த வீட்டுப் பெயரையும் கொண்டு தேடுங்கள். ஸ்காட்லாந்து ஆவணங்களில் மணமான பின்னும் அந்தப் பெயர் தொடர்ந்து எழுதப்பட்டது.

காப்பகம் வரை போக நேரமில்லை என்றால், புறப்படும் முன் வீட்டிலிருந்தே ஒன்று செய்யலாம். அந்தக் கிளர்ச்சி கலோடன் போரில் முறியடிக்கப்பட்ட பிறகு, 1747 முதல் 1755 வரை, வில்லியம் ராய் என்பவர் தலைமையில் படையினர் ஸ்காட்லாந்தை அளந்து வரைந்த நிலப்படம் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைய நிலப்படத்தின் மேல் அதைப் பொருத்திப் பார்க்கும் வசதியும் உண்டு. வீடுகள் சிறு சிவப்புப் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டிருக்கும். லாக் ப்ரூம் கரையில் இன்று வெறும் புல்வெளியாக இருக்கும் இடங்களில் அன்று எத்தனை புள்ளிகள் இருந்தன என்று மாமனார் தம் கண்ணாலேயே காணட்டும். வேடிக்கை என்னவென்றால், அல்லாபூல் நகரம் அந்தப் படத்தில் இருக்காது. ஹெரிங் மீன்பிடிப்புக்காக மீன்வளச் சங்கம் ஒன்று அதை நிறுவியதே 1788இல்தான். ஹெக்டர் புறப்பட்டு பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

ஆகவே என் ஆலோசனை: லாக் ப்ரூமில் ஒரு பிற்பகல் போதாது, நான்கு இரவு தங்குங்கள். ஸ்கை தீவையும் ஸ்டர்லிங்கையும் விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2
பதிவிட்டவர்: கல்லும் கடலும்

வடகரையான் ஐயா எழுதியதில் வரலாற்றுச் செய்திகளோடு எனக்கு உடன்பாடே. முடிவோடு முழு உடன்பாடு இல்லை. ஆவணத்தில் பெயர் கிடைக்காமல் போனால், நான்கு நாளும் அந்த முதியவர் வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும். காட்சிக்கும் இடம் வேண்டும். ஆனால் லாக் ப்ரூமை மையமாக வைத்தாலே காட்சிக்குக் குறைவில்லை என்பதால், எங்கள் இருவர் கருத்தையும் ஒரே சாலையில் ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன்.

இன்வர்னஸிலிருந்து அல்லாபூலுக்கு ஏறத்தாழ 57 மைல். நிதானமாக ஓட்டினால் ஒன்றரை மணி நேரம். அல்லாபூலுக்குச் சுமார் 12 மைல் முன்பாகச் சாலையோரத்திலேயே கோரிஷாலக் மலைப்பிளவு இருக்கிறது. பனியாற்று உருகுநீர் அறுத்த பிளவு அது. அருவி 45 மீட்டருக்கு மேல் விழுகிறது. மேலே தொங்கும் பாலத்தைக் கட்டியவர், பின்னாளில் ஃபோர்த் ரயில் பாலத்தைக் கட்டிய பொறியாளர்களில் ஒருவரான ஜான் ஃபௌலர். பாலம் நடக்கும்போது ஆடும். மாமனாருக்குத் தலைசுற்றல் உண்டென்றால் கரையிலிருந்தே பார்க்கட்டும். இறங்கிய வழியில் திரும்ப ஏற வேண்டும் என்பதையும் முழங்காலுக்காக நினைவில் வையுங்கள்.

அங்கிருந்து மேற்கே பிரியும் சாலைக்கு 'வறுமைச் சாலை' என்று பெயர். 1840களில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தபோது, உணவுக்காக மக்களை வேலை வாங்கிப் போட்ட சாலை அது. அதில் சென்றால் டன்டொனல் வழியாக இன்வர்யூ தோட்டத்தை அடையலாம். ஆஸ்குட் மெக்கன்சி என்பவர் 1862 முதல், மண்ணே இல்லாத பாறை முனையில் கூடை கூடையாக மண் கொண்டுவந்து கொட்டி வளர்த்த தோட்டம் இது. வளைகுடா நீரோட்டத்தின் கதகதப்பால், மாஸ்கோவைவிட வடக்கே உள்ள இந்த இடத்தில் தென்னுலகச் செடிகள் செழிக்கின்றன. மே மாதம் அங்கே ரோடோடென்ட்ரான் பூக்கும் பருவம். பிரபு வழி மெக்கன்சி ஒருவர் பூச்செடிக்காக மண் சுமக்க வைத்ததையும், அதே கரையின் எளிய மெக்கன்சிகள் மண்ணில்லாமல் கப்பலேறியதையும் ஒரே நாளில் பார்க்க நேர்வது இந்தச் சாலையின் தனித்தன்மை.

அல்லாபூலுக்கு வடக்கே அரை மணி நேரத்தில் நாக்கன் பாறைமுகடு. மிகப் பழைய பாறை இளைய பாறையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் அதிசயத்தை அங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம். அது எப்படி நிகழ்ந்தது என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர்கள் சண்டையிட்டார்கள். பீச், ஹார்ன் என்ற இரு நில ஆய்வாளர்கள் வந்துதான் தீர்த்து வைத்தார்கள். இன்னும் சற்று வடக்கே அசிண்ட் ஏரிக்கரையில் ஆர்ட்வ்ரெக் கோட்டையின் இடிபாடு நிற்கிறது. அசிண்டின் மெக்லவுட் குலத்தார் கட்டியது. 1672இல் மெக்கன்சிகள் முற்றுகையிட்டுப் பறித்தது. அருகிலேயே மெக்கன்சிகள் 1726இல் கட்டிய கால்டா மாளிகை பதினோரு ஆண்டுகளில் எரிந்துபோய், இன்று நான்கு சுவர்களாக நிற்கிறது. காரை விட்டு இறங்காமலேயே இரண்டையும் பார்க்க முடியும். குலப்பெருமை பேசுபவர்களை அழைத்துச் சென்று நிறுத்த இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

கோட்டை ஒன்றேனும் முழுதாகப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்கை தீவு வரை போக வேண்டியதில்லை; அதற்கு முன்பே கரையோரம் ஐலன் டோனன் இருக்கிறது. மூன்று கடற்கழிகள் கூடும் இடத்தில் சிறு தீவின் மேல் நிற்கும் அந்தக் கோட்டை கின்டெய்ல் மெக்கன்சிகளின் அரண். அதைக் காவல் காத்த மெக்ரே குலத்தாரை 'மெக்கன்சிகளின் இரும்புச் சட்டை' என்று அழைத்தார்கள். 1719இல் ஸ்பானிய வீரர்கள் அதற்குள் தங்கியிருந்தபோது பிரிட்டிஷ் கடற்படை பீரங்கியால் தாக்கிப் பிடித்து, வெடிமருந்து வைத்துத் தகர்த்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கற்குவியலாகக் கிடந்து, 1932இல் கட்டி முடிக்கப்பட்டதுதான் இன்று நாள்காட்டிகளில் நாம் காணும் கோட்டை. தொன்மையானது என்று எண்ணி நெகிழ்வதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளலாம். அழகு என்னவோ அழகுதான்.

கலோடனைக் கைவிட வேண்டாம். இன்வர்னஸிலிருந்து சில மைல்தான்; தரை சமதளம். 1746 ஏப்ரல் 16 அன்று ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த போரில் ஏறத்தாழ 1,500 கிளர்ச்சியாளர்கள் மாண்டார்கள். குலப்பெயர் பொறித்த கற்கள் அங்கே இருக்கின்றன. ஆனால் அவை 1881இல் நடப்பட்டவை. அருங்காட்சியகத்துக்கு மட்டுமே கட்டணம், களத்தில் நடக்க எதுவும் தர வேண்டியதில்லை. அருகில் உள்ள கிளாவா கற்கல்லறைகள் ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. சிறிய இடம், முழங்காலுக்கு நல்லது.

மறுமொழி 3
பதிவிட்டவர்: வடகரையான்

கல்லும் கடலும் சொன்ன வழித்தடம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது, ஏற்கிறேன். கலோடன் பற்றி ஒன்று மட்டும் சேர்க்கிறேன். உங்கள் மாமனார் அங்கே மெக்கன்சி என்ற பெயரைத் தேடுவார். குரோமார்ட்டி பிரபுவின் படை கலோடனில் போரிடவே இல்லை. போருக்கு முந்தைய நாள், ஏப்ரல் 15 அன்று, வடக்கே சதர்லாந்தில் அரசு ஆதரவுப் படையினர் அதைத் தாக்கிச் சிதறடித்து, பிரபுவையே டன்ராபின் கோட்டையில் சிறைப்பிடித்தார்கள். குலத்தின் பெரிய தலைவரான சீஃபோர்த் மெக்கன்சியோ அரசின் பக்கம் நின்றார். ஒரே பெயர் கொண்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்த போர் அது. 'ஸ்காட்டியர் எதிர் ஆங்கிலேயர்' என்று சுருக்கிச் சொல்லும் வழிகாட்டிகளை நம்ப வேண்டாம்.

மக்களை விரட்டிய காலத்தின் தடயத்தை மாமனார் காண விரும்பினால், ஊருக்குத் திரும்பும் வழியில் குரோய்க் ஆலயத்துக்குச் செல்லலாம். ஆர்ட்கை என்னும் ஊரிலிருந்து பத்து மைல் உள்ளே, பள்ளத்தாக்கின் முடிவில் தனியாக நிற்கும் சிறிய ஆலயம். 1845 மே மாதம் கிளென்கால்வியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள், ஆலயத்துக்குள் நுழையத் துணியாமல், கல்லறை நிலத்தில் போர்வைகளைக் கட்டித் தங்கினார்கள். வைர வடிவச் சாளரக் கண்ணாடியில் வெளிப்பக்கத்திலிருந்து அவர்கள் கீறிய சொற்கள் இன்றும் இருக்கின்றன. வீட்டில் கேலிக் பேசியவர்கள், ஆங்கிலத்தில் கீறினார்கள். தங்களையே 'பாவம் செய்த தலைமுறை' என்று எழுதினார்கள். கண்ணாடியின் மேல் வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். நான் ஸ்காட்லாந்தில் பார்த்த எல்லாக் கோட்டைகளையும் விட அந்தச் சாளரம்தான் என் நினைவில் தங்கியிருக்கிறது.

மறுமொழி 4
பதிவிட்டவர்: நெடுஞ்சாலைப் பயணி

பெரியவர்கள் வரலாற்றைச் சொல்லிவிட்டார்கள். நான் நடைமுறையைச் சொல்கிறேன்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஐக்கிய இராச்சியத்தின் பார்வையாளர் விசா வேண்டும். கனடியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்கள் கணவரும் மாமனாரும் விசா இன்றி வரலாம் என்றாலும், இப்போது மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். உங்களுடையதுதான் நாள் பிடிக்கும் என்பதால் பயணச்சீட்டுக்கு முன் அதைக் கவனியுங்கள்.

வாடகைக் கார் எடுப்பதாக இருந்தால், தானியங்கி கியர் கொண்டது வேண்டும் என்று தெளிவாகக் கேட்டு இப்போதே பதிவு செய்யுங்கள். அங்கே கையால் கியர் மாற்றும் கார்களே வெகுகாலம் வழக்கமாக இருந்தவை, மற்றவை விரைவில் தீர்ந்துவிடும். வட அமெரிக்காவில் ஓட்டிப் பழகியவருக்கு இடப்பக்கம் ஓட்டுவது முதல் நாள் கடினமாகவே இருக்கும். அதைவிடக் கடினம் ஒற்றைத்தடச் சாலை. எதிரே வண்டி வந்தால், ஒதுங்கிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழையுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே உங்கள் பக்கத்திலேயே நின்று, எதிரே வருபவரை ஒதுங்க விடுங்கள். பின்னால் உள்ளூர்க்காரர் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். நின்று வழிவிட்டவருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே எழுதப்படாத சட்டம். எழுதப்பட்ட சட்டம் ஒன்றும் உண்டு: மது அருந்தி ஓட்டுவதற்கான வரம்பு 2014 டிசம்பர் முதல் இங்கிலாந்தைவிட ஸ்காட்லாந்தில் குறைவு. விஸ்கி வடிசாலைக்குப் போனால் ஓட்டுபவர் சுவைக்கக் கூடாது.

மே பிற்பகுதி மிக நல்ல தேர்வு. இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். மிட்ஜ் என்னும் கடிக்கும் சிறுபூச்சிகள் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் உயிரை வாங்கும். மழை எந்த மாதத்திலும் வரும், அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

திறந்த வெளியில் பொறுப்போடு நடமாடும் உரிமை 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தால் எல்லோருக்கும் உண்டு. ஆகவே இடிந்த பழைய குடியிருப்பு ஒன்று தனியார் மேய்ச்சல் நிலத்தில் இருந்தாலும் நடந்து சென்று பார்க்கலாம். குடியிருக்கும் வீட்டின் முற்றம், பயிர் நிற்கும் வயல் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். ஆட்டுக்குட்டிகள் இருக்கும் பருவம் என்பதால் வாயிற்படலை எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள்.

டார்டன் எனப்படும் குலச் சதுரக்கட்டத் துணி வாங்கும் ஆசை இருந்தால் வாங்குங்கள். ஆனால் ஹெக்டரில் ஏறியபோது அந்த உடையை ஆண்கள் அணிவதே சட்டப்படி குற்றம். 1746இல் வந்த தடை 1782இல்தான் நீங்கியது. குலத்துக்கு ஒரு நிறக்கோலம் என்ற ஒழுங்கு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்ததை ஒட்டித்தான் பரவியது.

பதில்
பதிவிட்டவர்: ஹாலிஃபாக்ஸ் மருமகள்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. எடின்பரோவில் ஒரு நாள் (காப்பகத்துக்காக), இன்வர்னஸில் இரண்டு, அல்லாபூலில் ஐந்து, திரும்பும்போது ஆர்ட்கை அருகே ஒன்று என்று மாற்றிவிட்டோம். ஸ்கை, ஸ்டர்லிங், லாக் நெஸ் மூன்றையும் நீக்கினேன். லாக் நெஸ்ஸை நீக்கியதில் என் கணவருக்கு மட்டும் வருத்தம்.

ராயின் நிலப்படத்தை மாமனாரிடம் காட்டினேன். இரண்டு மாலைகள் திரையை விட்டு எழவில்லை. கடற்கழியின் இரு கரையிலும் உள்ள சிவப்புப் புள்ளிகளை எண்ணித் தாளில் எழுதி வைத்திருக்கிறார். வீடு எரிக்கப்படவில்லை என்று சொன்னபோது சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "குத்தகை கட்ட முடியாமல் போனார்கள் என்றால் அதுவும் துரத்தியதுதான்" என்றார். நான் மறுக்கவில்லை.

அவருக்கு இரண்டு விருப்பங்கள் இருக்கின்றன. பிக்டோ கரையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சென்று லாக் ப்ரூம் கல்லறை நிலத்தில் இட வேண்டும் என்கிறார். மேலும், அவருடைய பாட்டி சிறுவயதில் கற்றுக்கொடுத்த ஒரே ஒரு கேலிக் வாக்கியம் அவருக்குத் தெரியும். "கிமர் ஆ ஹா ஊ" என்று சொல்கிறார், நலமா என்று பொருளாம். அதை அந்த மொழி பேசும் ஒருவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டுமாம். அல்லாபூலில் அப்படி யாராவது கிடைப்பார்களா?

மறுமொழி 5
பதிவிட்டவர்: வடகரையான்

மண்ணை எடுத்துச் செல்ல வேண்டாம், அம்மா. செடிநோய் பரவும் என்பதால் கனடாவிலிருந்து பிரிட்டனுக்கு மண் கொண்டுவரத் தடை உண்டு. விமான நிலையத்தில் பறிமுதல் செய்வார்கள், அவர் மனம் நோகும். திரும்பும்போது பழைய சுவரிலிருந்து கல்லைப் பெயர்த்து எடுப்பதும் கூடாது. லாக் ப்ரூமின் தலைப்பகுதியில் கிளாக்கன் என்னும் இடத்தில் பழைய திருச்சபை ஆலயமும் கல்லறை நிலமும் இருக்கின்றன. காரை வெகு அருகில் நிறுத்தலாம். அந்தக் காலத்து எளியவர்களின் கல்லறைகளில் பெயர் இருக்காது, பொளியாத கல் ஒன்று நட்டிருக்கும். அதற்கு அவரை முன்கூட்டியே ஆயத்தமாக்கி அழைத்துச் செல்லுங்கள்.

கேலிக் பேசுபவர் கிடைப்பார். லூயிஸ் தீவின் ஸ்டார்னோவேயிலிருந்து வரும் பயணக்கப்பல் அல்லாபூல் துறையில்தான் வந்து நிற்கிறது. அந்தத் தீவில் கேலிக் இன்னும் வீட்டு மொழி. கப்பல் வரும் நேரத்தில் துறைக்கு எதிரே உள்ள தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தால் காதில் விழும்.

ஒரு சிறு திருத்தம் மட்டும் சொல்லிக்கொடுங்கள். தமிழைப் போலவே அந்த மொழியிலும் நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. பாட்டி பேரனிடம் சொன்னதால் 'நீ' போட்டுச் சொல்லியிருக்கிறார். துறையில் ஒரு முதியவரைப் பார்த்துக் கேட்கும்போது "கிமர் ஆ ஹா ஷிவ்" என்று கேட்க வேண்டும்.